மேடையில் முளைத்த காது

மேடையில் காது முளைத்துவிட்டது. புதுச்சேரியில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி, ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய் அடுக்கிய கிடங்கில், நாற்பது நாற்காலி போட்டாலே மூச்சு முட்டுகிற ஒரு சின்ன ஜாஸ் கிளப்பில், மேடையின் இடது மூலையில், பலகைச் சந்தில், ஒரு மனிதக் காது.

காரணம் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அங்கே ஆள் உயர வயலின் மாதிரி நிற்கிற பெரிய பேஸ் வாசிக்கிற இன்னாசிக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பஸ்கால் துப்பினான்.

துப்பினான் என்றால் வெற்றிலை எச்சில் இல்லை. ஊதுகிற வாத்தியம் எதுவானாலும் உள்ளே போகிற மூச்சு குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் என்பது மரியாதைக்கு, பாதி எச்சில்தான். ட்ரம்பெட்டில் அதை வெளியேற்ற ஒரு சின்னச் சாவி இருக்கும், அழுத்தி ஊதினால் சொட்டும். ஒழுங்காக வளர்ந்தவன் காலடியில் ஒரு துணியைப் போட்டு அதில் விடுவான். பஸ்கால் குழுவுக்குத் தலைவன். ஒரே பாட்டில் ட்ரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல், போதாததற்குச் சின்ன நாயனம் மாதிரி ஒரு முகவீணை என்று ஐந்தையும் மாற்றி மாற்றி எடுக்கிறவன். எதைக் கீழே வைத்தாலும் ராஜா வாளை உதறுகிற மாதிரி ஒரு உதறு உதறிவிட்டுத்தான் வைப்பான், அந்த உதறலுக்கும் கைதட்டல் விழும், அந்தக் கைதட்டலுக்காக அடுத்த தடவை இன்னும் பலமாக உதறுவான். வருஷக்கணக்கில் அதே மூலை, அதே பலகை, அதே எச்சில். இன்னாசி நிற்கிற இடத்துக்கு ஒரு முழம்தான். சொட்டு அவர் செருப்பில் தெறிக்கும்.

"துணி போடுடா," என்பார்.

"அது எச்சில் இல்லண்ணே. பாட்டோட மிச்சம்."

"மிச்சத்த உன் வீட்டுக்குக் கொண்டு போ."

சிரிப்பான். அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் முளைத்ததால் முதலில் எல்லோரும் காளான் என்றே நினைத்தார்கள். மெதுவான ஒரு பாட்டுக்கு நடுவில் இன்னாசி அதன்மேல் கால் வைத்துவிட்டார். செருப்புக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ துடித்தது. குனிந்து பார்த்தார். மடல், மடிப்பு, தொங்கட்டான் மாட்டுகிற சதை, உள்ளே இரண்டு நரை முடி. அவர் பயப்படவில்லை. அறுபத்தேழு வயதில் பயப்பட என்ன இருக்கிறது. அருவருப்புதான் வந்தது, அதன்பின் அது அவரை விட்டுப் போகவே இல்லை.

கிளப்பின் சொந்தக்காரி ஒதேத் மதாம் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரான்சில் பாதி ஆயுள், இங்கே பாதி ஆயுள் வாழ்ந்து, இரண்டு ஊரிலும் எதற்கும் அசராத பெண்மணி. "ஆம்பளக் காது," என்றார். காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவரச் சொல்லி அறுத்தார். ரத்தம் வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் இரண்டு முளைத்திருந்தன. அதையும் அறுத்தார். நான்கு வந்தன. மதாம் கத்தியைக் கழுவி அடுக்களைக்கே அனுப்பிவிட்டார்.

பஸ்கால்தான் மண்டியிட்டு அதை வருடினான். "என் மூச்சுல மொளச்சது. என் புள்ளைங்க," என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. இன்னாசி வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

காது முளைத்தது பெரிதில்லை. முளைத்தால் முளைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது சத்தத்தைத் தின்றது.

இன்னாசியின் கஷ்டம் புரிய வேண்டுமானால் பேஸ் வாசிக்கிறவனின் பிழைப்பு புரிய வேண்டும். கல்யாண வரவேற்பு, ஹோட்டல் வாசல், மாதாகோயில் திருவிழா என்று நாற்பது வருஷம் வாசித்தவர் அவர். எங்கேயும் அவரை யாரும் கேட்டதில்லை. பாட்டுக்கு அடியில் அஸ்திவாரம் மாதிரிக் கிடப்பது பேஸ். வீட்டைப் பார்க்க வந்தவன் அஸ்திவாரத்தை எங்கே பார்க்கிறான். இந்தக் கிடங்கு ஒன்றில்தான், கல் சுவரும் தாழ்ந்த கூரையும் கூடி, ஒயர் இல்லாமல், ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல், அவர் விரல் தோல் கம்பியில் உரசுகிற சத்தம் கூடக் கடைசி நாற்காலிக்குப் போகும். ஞாயிறு சாயங்காலம் நாற்பது பேர் அதைக் கேட்பார்கள். அது போதும் அவருக்கு. அது மட்டும்தான் வேண்டும்.

அதைத்தான் காதுகள் முதலில் தின்றன. கனத்த ஸ்வரம் எல்லாம் பலகை வழியாக நேரே இறங்கி அவற்றுக்குள் போனது. பின்னால் பியானோவின் இடது கைப் பக்கம் போனது. பின்னால் வலது கையும் போனது. டிரம்ஸ் நிஜாம் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மெத்தையை அடிப்பது போல இருந்தது. கார்த்திகை பிறந்தபோது மேடை ஓரம் முழுக்கக் காதுகள் வாழைப்பூ மடல் மாதிரி வரிசை வரிசையாக நிமிர்ந்து நின்றன, நால்வரும் வியர்க்க வியர்க்க வாசித்தார்கள், முன் வரிசையில் இருந்தவனுக்குக் கூட எதுவும் கேட்கவில்லை.

யாராவது எழுந்து போனார்களா? ஒருவரும் போகவில்லை. கூட்டம் இரண்டு மடங்காயிற்று. எல்லோரும் காது பார்க்க வந்தார்கள். வாசிப்பு முடிந்தது என்று விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலும் கேட்கவில்லை. வாசிப்பு நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் பேச்சு காதில் விழும்.

தெருவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. முளைத்தது முளைத்துவிட்டது, இனி அதை என்ன செய்வது என்பதுதான் தெருவின் யோசனை. முதலில் நகை செய்கிற பத்தர் வீட்டு அம்மாள் வந்து, மூளியாக நிற்கிறதே பாவம் என்று ஒரு காதுக்கு வெள்ளைக்கல் தோடு போட்டுவிட்டுப் போனாள், அதைப் பார்த்து அடுத்தவள் ஜிமிக்கி கொண்டுவந்தாள், அதற்கடுத்தவள் பேத்திக்குக் காது குத்துகிற நாளில் பேத்தியையும் தூக்கி வந்து மேடைக் காது ஒன்றுக்கும் சேர்த்துக் குத்தி, வந்தவர்களுக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழட்டு சொல்தா ஒருவர், மெடலைக் குத்திக்கொண்டு வந்து, பாரிசுக்கு எழுதி எழுதிப் பதில் வராத குறையை ஒரு காதில் சொன்னார். மறுநாள் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்ததாம். போதாதா? மாமியாரைப் பற்றிச் சொல்ல மருமகள்கள் வந்தார்கள், மருமகளைப் பற்றிச் சொல்ல மாமியார்கள் வேறு நேரத்தில் வந்தார்கள், ஒரே காதில் இருவரும் சொல்லிவிட்டதாக ஒரு சண்டை நடந்து, இன்னாருக்கு இன்ன காது என்று மதாம் நூல் கட்டி அடையாளம் வைத்தார். மாதாகோயில் சாமியார் வந்து பார்த்து இது திருச்சபைக்குச் சம்பந்தமில்லை என்றார். குருக்கள் வந்து பார்த்து ஆகமத்தில் இல்லை என்றார். தனித்தனியாக, மத்தியான நேரத்தில், இருவருமே திரும்பி வந்து போனதை இன்னாசி பார்த்தார். சுகாதார ஆய்வாளர் ஒருத்தர் பையோடு வந்தார். இது மாமிசமா தாவரமா என்று முடிவு செய்ய முடியாமல் பையை மூடி வைத்துவிட்டு, குனிந்து, தன் இடமாற்றத்தைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

அந்த நாற்றம்! அதை யாரும் சொல்லவில்லை. கேட்ட காது குரும்பி விடும். தேனைவிடக் கெட்டியாக, மஞ்சளாக, சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெயும் கழுவாத தலையணை உறையும் கலந்த வாடையோடு அது வழிந்து பலகையில் உறையும். காலை வைத்தால் செருப்பு ஒட்டும். வாசிக்க வந்தவர்கள் முதலில் சட்டுவத்தால் சுரண்ட வேண்டும். சுரண்டியதைக் கொட்டவிடாமல் நாலு பேர் சின்ன டப்பாவில் வாங்கிப் போனார்கள். மூட்டு வலிக்கு நல்லதாம். ஒருவன் அதை நாக்கில் தடவிப் பார்த்ததை இன்னாசி தன் கண்ணால் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

"பஸ்கால், யாருக்குமே கேக்கல," என்றார்.

"அதான் இத்தன காது கேக்குதேண்ணே."

"நான் ஆளச் சொல்றேன்."

"ஆளு இருமும், போன் எடுக்கும், பொண்டாட்டி கிட்ட நாளைக்கு என்ன கொழம்புன்னு கேக்கும். இது எதுவும் பண்ணாது. இத மாதிரி ஒரு சபை எந்த ஊர்லயும் கெடையாதுண்ணே."

"சபையா? உன் எச்சில்ல மொளச்ச புண்ணுடா அது."

பஸ்கால் சாக்ஸபோனின் வாயைத் தரையோடு தரையாகக் கவிழ்த்துப் பிடித்து, குப்புறப் படுக்காத குறையாக, காதுகளுக்கு மட்டும் ஊதினான். அவை பயிர் காற்றில் சாய்வது போல அவன் பக்கம் சாய்ந்தன. பியானோ வாசிக்கிற பார்கவி, இன்னாசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், நான் சும்மா பியானோ கட்ட மேல விரல ஓட்டிட்டு இருக்கேன். அமுக்கறதே இல்ல. யாருக்கும் தெரியல," என்றாள்.

"எனக்குத் தெரியுது."

"உங்களுக்கு எப்படி சார்?"

"வெக்கமில்லாம சிரிக்கிறியே, அதுல."

நிஜாம் இன்னும் மோசம். அவன் குச்சிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

இன்னாசி உப்பு போட்டுப் பார்த்தார். டர்பன்டைன் ஊற்றிப் பார்த்தார். காதுகள் சிவந்தன, பின்பு முன்னைவிடக் கொழுத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னுடைய சோலோ முறை வந்து, கண்ணை மூடி, கட்டை விரல் தோல் கிழிகிற வரை வாசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே அத்தனை முகமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேஸைச் சுவரில் சாய்த்தார். குனிந்தார். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிடிக்கிற பிடியாக ஒரு காதைப் பிடித்துத் திருகி இழுத்தார். அது வந்தது. முருங்கைக்காய் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு வேரோடு, சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தத்தோடு வந்தது.

அன்றைக்கு மேடையிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ, பாவி மனுசா!" என்று பத்தர் வீட்டு அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். அது அவள் தோடு போட்ட காது. சொல்தா மெடலைக் கழற்றி மேடையில் எறிந்தார். கொலைகாரன் என்றார்கள். வயசுக்குத் தகுந்த புத்தி வேண்டாமா என்றார்கள். ஒதேத் மதாம் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, "இன்னாசி, மன்னிப்பு கேட்டுடு. முடிஞ்சிரும்," என்றார்.

"யார் கிட்ட?"

மதாம் தரையைக் காட்டினார்.

கேட்டார். வேறு வழி? கேட்காவிட்டால் அந்த மேடை இல்லை, அந்த மேடை இல்லாவிட்டால் ஊரில் வேறு மேடை இல்லை. முழங்கால் இரண்டும் குரும்பியில் ஒட்ட, பக்கத்தில் இருந்த பெரிய காதுக்கு வாயைக் கொண்டுபோனார். உள் மயிர் உதட்டில் பட்டது. அது ஈரமாக இருந்தது. அது அவர் பக்கம் ஆசையாகச் சாய்ந்தது. "மன்னிச்சுக்க," என்றார். சொன்ன வார்த்தை தனக்கே கேட்கவில்லை. எழுந்து நேரே பின்பக்கம் போய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

திரும்பி வந்தபோது மதாம் இன்னொன்றும் சொன்னார். வருகிற ஞாயிறோடு வாசிப்பு நிறுத்தம். நாற்காலிகளை எடுத்துவிட்டு மேடையைப் பின்சுவர் வரை நீட்டப் போகிறார். காதுகளுக்கு இடம் போதவில்லை. பஸ்கால் மட்டும் தினமும் வந்து கொஞ்சம் ஊதி ஈரப்படுத்துவான். மற்ற மூவரும் எப்போது வேண்டுமானாலும் வந்து, வரிசையில் நிற்காமல், தங்கள் குறையைச் சொல்லிக்கொள்ளலாம்.

"என் குறையே இதுங்கதான்," என்றார் இன்னாசி.

"அத அதுங்க கிட்டயே சொல்லேன். நல்லா கேக்கும்," என்றார் மதாம். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார்.

கடைசி ஞாயிறு வந்தது. நாற்பது நாற்காலிக்கு நூறு பேர். அந்தக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் சுருட்டிய வரைபடத்தோடு ஒருவர் வந்து, மேடை விளிம்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டிப் பக்கம் மனை பிரித்து விற்கிறவராம். ஊரில் ஒருவரும் தன் பேச்சை முழுதாகக் கேட்பதில்லை என்பது அவர் குறை. அது குறை என்றால் அதைக் கேட்கிற ஊர் படுகிற பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? வாசிப்பு தொடங்கியது, அவரும் தொடங்கினார்.

காதுக்குப் போகிற சத்தம்தான் எதுவும் மிஞ்சாதே; ஆனாலும் அவர் உதடு அசைவதை வைத்தே அது எப்படிப்பட்ட பேச்சு என்று இன்னாசிக்குத் தெரிந்தது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, மெதுவான பாட்டு வந்தவுடன் பக்கத்து ஆளிடம் தன் மூலவியாதியைப் பற்றி ஆரம்பிக்கிற அந்த இனம். உலகத்தில் இன்னாசி எச்சிலுக்கு அடுத்தபடி வெறுப்பது அதைத்தான். இன்றைக்கும் வந்துவிட்டான், என்று பல்லைக் கடித்தார்.

மற்றவர்கள் ஒரு காதில் ஒரு குறையைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவர் எழவில்லை. இரண்டாவது பாட்டிலும் பேசினார். மூன்றாவதிலும் பேசினார். ஒரு பக்கத்துக் காதுகளுக்குச் சொல்லி முடித்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடுத்த பக்கத்துக்கு முதலிலிருந்து சொன்னார். காதுகள் முதலில் அவர் பக்கம் சாய்ந்தன. பிறகு நிமிர்ந்தன. பிறகு மெல்ல மெல்ல, கூட்டமாக, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தன. கண்ணுக்கு இமை இருக்கிறது, வாய்க்கு உதடு இருக்கிறது; காது பாவம், அதற்குக் கதவு கிடையாது. நான்காவது பாட்டில் ஒரு காது ஓரத்தில் மஞ்சளாயிற்று, சுருங்கிற்று, உலர்ந்த புளியந்தோடு மாதிரிப் பலகையில் விழுந்தது. ஜிமிக்கி தனியாக உருண்டது.

இன்னாசியின் கம்பியிலிருந்து ஒரு ஸ்வரம், ஒரே ஒரு கனத்த ஸ்வரம், பாதியாக, அரைகுறையாக, பின்சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது.

அவர் அதே ஸ்வரத்தை மறுபடி மீட்டினார். இன்னொன்று விழுந்தது. அந்த ஆளின் பேச்சும் இப்போது கேட்க ஆரம்பித்தது.

"...ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இறங்குறேன், இறங்குனா செருப்பு ஒண்ணு அறுந்து போச்சு. அது என் பெரிய மருமகன் கரூர்ல வாங்கிக் குடுத்த செருப்பு. கரூருக்கு அவன் எப்படிப் போனான்னா, அதுக்கு மொதல்ல அவங்க சித்தப்பா கதையச் சொல்லணும்... எங்க விட்டேன்?"

தொண்டை வறண்டு அவர் ஒரு கணம் நிறுத்தினார். விழப் போன காது ஒன்று நிமிர்ந்து நிறம் திரும்பியது. இன்னாசி பதறிப் போனார். வாசிப்பதை நிறுத்தாமலே, பேஸோடு சேர்ந்து அவர் பக்கம் குனிந்தார்.

"செருப்புல விட்டீங்க சார். சித்தப்பா என்ன ஆனாரு?"

அந்த ஆள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அதக் கேளுங்க! சித்தப்பாவுக்குக் கிட்னில கல்லு..."

"எத்தன கல்லு சார்?"

"மூணு. மொதக் கல்லு எப்படித் தெரிஞ்சதுன்னா..."

தன் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்டது இன்னாசிக்கே குமட்டியது. ஆனாலும் கேட்டார். இரண்டாவது கல்லைப் பற்றிக் கேட்டார், சித்தப்பாவைப் பார்த்த வைத்தியரைப் பற்றிக் கேட்டார், அந்த வைத்தியருக்கு விற்ற மனைக்குப் பாதை இருந்ததா என்று கேட்டார். இடது கை கம்பியில், வலது கை கம்பியில், வாய் மட்டும் "அப்புறம் சார்?" என்று. பஸ்கால் புல்லாங்குழலைப் பாதியில் எடுத்துவிட்டு, "ஐயோ என் புள்ளைங்க!" என்று கத்தினான். கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அவன் அந்த ஆளின் தோளைப் பிடித்து இழுக்க ஓடினான். நிஜாம், கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த நிஜாம், காலை நீட்டினான். பஸ்கால் குரும்பியில் சறுக்கி விழுந்தான்.

அதற்குப் பிறகு அவை மழை மாதிரி உதிர்ந்தன. தோடும் மூளியும், பெரிதும் பிஞ்சும், சாமியார் பேசியதும் குருக்கள் பேசியதும், எல்லாம் சருகாகச் சரசரவென்று விழுந்து, மேடை முழுக்க வெறும் பலகையாயிற்று. பார்கவி விரல் பயந்தபடி அமுங்கியது, பியானோ கேட்டது. இன்னாசி தன் பாட்டுக்கு வாசித்தார். விரல் தோல் கம்பியில் உரசுகிற சத்தம் கல் சுவர் வரை போனது. கடைசி நாற்காலியில் சொல்தா தரையிலிருந்து கண்ணை எடுத்து, இது எங்கிருந்து வருகிறது என்று தேடி, தேடி, இன்னாசியின் கையைக் கண்டுபிடித்து அங்கேயே பார்வையை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். பிறகு எல்லோரும்.

அந்த ஆள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். சோலோ முழுக்கப் பேசினார். இன்னாசி அவரை நிறுத்தவில்லை.

வாசிப்பு முடிந்ததும் சருகைக் கூடையில் அள்ளினார்கள். அழுதவர்கள் அழுதார்கள், ஜிமிக்கியைத் தேடியவர்கள் தேடினார்கள். மறு வாரமே தெரு கதையைத் திருப்பிக்கொண்டது. சாமியார் ரகசியமாகத் தீர்த்தம் தெளித்தார் என்றார்கள். குருக்கள் ஏதோ ஜபித்தார் என்றார்கள். மார்கழிப் பனிக்கு எந்தக் காதும் தாங்காது என்றார் மதாம், நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டே. பஸ்கால் தன் காலடியில் ஒரு துணியைப் போட்டான். தான் ஊதுவதை நிறுத்தியதால்தான் அவை வாடின என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

எல்லாம் புளுகு. இன்னாசிக்கு அந்த வாயாடியைக் கடைசி வரை பிடிக்கவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து மெதுவான பாட்டாகப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிற அந்தக் குரலைக் கேட்டாலே இன்றைக்கும் அவருக்குக் குமட்டும். ஆனால் காதுகளை விரட்டியது யார் என்று யாராவது கேட்டால், கேட்டவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் விடுவார்: மொரட்டாண்டி வி. புண்ணியகோடி.